வான்போர்க் கோரல்களும் இழப்புப் பதிவுகளும்: 1942 ஏப்ரல் இலங்கைத் தாக்குதல்களை முன்வைத்து

வான்போர்க் கோரல் என்பது, எதிரி விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதாக ஒரு விமானியோ பீரங்கிப் படையினரோ தம் மேலதிகாரிகளிடம் பதிவுசெய்யும் கூற்று. இழப்புப் பதிவு என்பது, தன் விமானம் ஒன்று திரும்பவில்லை அல்லது பழுதுபார்க்க இயலாதபடி சேதமடைந்தது என்று எதிர்த்தரப்பு தன் ஏட்டில் எழுதிக்கொள்வது. இவ்விரண்டும் ஒரே நிகழ்வைக் குறிப்பவை. ஆனால் எண்ணிக்கையில் ஒத்துப்போவது அரிது. வான்போர் வரலாற்றை எழுதுவோர் இரண்டாவதைத் தேடாமல் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால், போர்க்காலச் செய்திக்குறிப்பை வரலாறாக மாற்றிவிடுகிறார்கள்.

இலங்கையின் மீது ஜப்பான் 1942 ஏப்ரலில் நடத்திய இரு தாக்குதல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இராமநாதபுரம், இராமேஸ்வரம் கரைக்கு மிக அருகில் நடந்த பெரிய வான்போர்கள் இவையே. இராமேஸ்வரத்திலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 270 கி.மீ. தனுஷ்கோடியிலிருந்து திருகோணமலை சுமார் 210 கி.மீ. சென்னையை விட இரண்டுமே இக்கரைக்குப் பக்கம். இன்று உச்சிப்புளியில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருந்து பாக் நீரிணையைக் கண்காணிக்கிறது. அன்று அந்தக் கண்காணிப்பு, தீவின் தென்கோடியில் கொக்கலையில் இருந்த சில கேட்டலீனா கடல்விமானங்களின் வேலையாக இருந்தது.

கொழும்பு, 1942 ஏப்ரல் 5

உயிர்த்த ஞாயிறு அன்று காலை, நகுமோ தலைமையிலான ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ 127 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவற்றில் 36 ஜீரோ போர்விமானங்கள். அவை குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்தவை. எதிர்கொள்ள எழுந்தவை 41 பிரிட்டிஷ் போர்விமானங்கள்: இரத்மலானையிலிருந்தும், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைத்திருந்த தற்காலிக ஓடுபாதையிலிருந்தும் சென்ற ஹரிக்கேன்கள், அவற்றோடு கடற்படையின் சில ஃபுல்மர்கள்.

அன்றைய பிரிட்டிஷ் தரப்புச் செய்திகள் இருபதுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் வீழ்த்தப்பட்டதாக அறிவித்தன. ஜப்பானியப் பதிவுகளின்படி அன்று கொழும்பின் மீது அவர்கள் இழந்தவை 7. ஒரு ஜீரோ, ஆறு பாய்ந்து குண்டுவீசும் விமானங்கள். மறுபக்கக் கணக்கும் இப்படித்தான். பிரிட்டிஷார் இழந்தவை 20 போர்விமானங்களும், தற்செயலாக அவ்வழியே வந்து ஜீரோக்களிடம் சிக்கிய 6 சுவார்ட்ஃபிஷ் விமானங்களும். ஜப்பானிய விமானிகளின் கோரல்களோ இதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அந்தக் கோரல்களில் ஸ்பிட்ஃபயர்களும் அடக்கம். அப்போது இலங்கையில் ஸ்பிட்ஃபயர் ஒன்றுகூட இல்லை.

இந்த ஸ்பிட்ஃபயர் விவரம் சிறியதாகத் தோன்றலாம். உண்மையில், விமானிகள் பொய் சொன்னார்களா, பிழைபட்டார்களா என்ற கேள்விக்கு இது விடை சொல்கிறது. பொய் சொல்ல விரும்புபவர் இல்லாத விமானத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. ஹரிக்கேனைக் கண்டு, ஐரோப்பியப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் என்று நினைத்த விமானி, தான் கண்டதாக நம்பியதையே எழுதினார். சில விநாடிகளில் எதிரி விமானத்தின் வகையையே தவறாகக் கண்டவர், அது விழுந்ததா தப்பியதா என்பதைச் சரியாகக் கண்டிருப்பார் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

மிகைக் கோரல் உருவாகும் விதம் பெரும்பாலும் இதுதான். ஒரே விமானத்தை மூவர் வெவ்வேறு கணங்களில் சுடுவார்கள். அது விழும்போது மூவரும் அதைத் தமதென்று எண்ணுவார்கள். முழுவிசையில் ஓடும் எந்திரம் கக்கும் கரும்புகை, தீப்பிடித்ததாகத் தோன்றும். தப்புவதற்காகத் தலைகீழாகப் பாயும் விமானம் மேகத்துக்குள் மறைந்தால், அது தரையில் மோதியது என்று மனம் முடிவுகட்டிவிடும். பின்தொடர்ந்து சென்று உறுதிசெய்ய நேரமில்லை. அப்படிச் செல்பவர் தானே சுடப்படுவார்.

இதற்கு மேல் செய்தித்துறையின் பங்கு உண்டு. பிரிட்டிஷ் விமானப்படை கோரல்களை வீழ்த்தியது, வீழ்ந்திருக்கக்கூடியது, சேதப்படுத்தியது என மூன்றாகப் பிரித்தது. ஓரளவு நேர்மையான பிரிவுதான். ஆனால் நாளிதழின் தலைப்பில் மூன்றும் சேர்ந்து ஒரே பெரிய எண்ணாகிவிடும். அந்த எண்ணே பின்னாளில் நூல்களிலும் நினைவுக்கட்டுரைகளிலும் ஏறுகிறது.

இந்த எண்கள் வெறும் கணக்கல்ல. அதே வாரத்தில், ஜப்பானியக் கடற்படை சென்னையை நோக்கி வருகிறது என்று அஞ்சி மாகாண அரசு நகரைக் காலிசெய்யச் சொன்னது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. கொழும்பில் வேலைசெய்த இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் நகரைவிட்டு வெளியேறினார்கள். ஊர் திரும்ப நினைத்தவர்களுக்கு அருகிலிருந்தது தலைமன்னார்–தனுஷ்கோடி கப்பல் வழி. எதிரி பேரிழப்புடன் விரட்டப்பட்டான் என்று ஒரு பக்கம் அறிவிப்பு. மறுபக்கம் மூட்டை முடிச்சுகளுடன் கரையேறும் மக்கள். செய்திக்குறிப்பின் எண்ணை மக்கள் எந்த அளவு நம்பினார்கள் என்பதை அவர்களின் கால்கள் காட்டின. பின்வந்த எழுத்தாளர்கள் அந்த மக்களைவிட எளிதாக நம்பிவிட்டார்கள் என்பதுதான் வியப்பு.

வேவு விமானங்களின் தனிச் சிக்கல்

போர்விமானங்கள் கூட்டமாகப் பறக்கும். ஒன்று விழுந்தால் பார்த்தவர்கள் இருப்பார்கள். வேவு விமானம் தனியே பறக்கும். அது திரும்பாவிட்டால், என்ன நடந்தது என்பதற்குச் சுட்டவரைத் தவிர சாட்சி இல்லை. கோரல்களை ஆராய்வதில் மிகக் கடினமான பகுதி இதுவே.

ஏப்ரல் 4 மாலை, இலங்கைக்குத் தென்கிழக்கே வெகுதொலைவில், கனடிய விமானப்படையின் 413-ஆம் படையணியைச் சேர்ந்த லியோனார்ட் பர்ச்சால் ஓட்டிய கேட்டலீனா ஜப்பானியக் கப்பல்படையைக் கண்டது. செய்தியை அனுப்பத் தொடங்கிய சிறிது நேரத்தில் ஜீரோக்கள் அதைச் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிர்பிழைத்து, ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டுக் கைதிகளாயினர். போருக்குப்பின் பர்ச்சால் திரும்பி வந்தார். இலங்கையைக் காத்தவர் என்ற பட்டமும் வந்தது.

இந்த நிகழ்வில் ஜப்பானியரின் கோரல் முழுக்க உண்மை. ஆராயவேண்டியது மற்றொரு கோரல்: அந்தச் செய்திதான் கொழும்பைக் காப்பாற்றியது என்பது. கனடிய ஆய்வாளர் ராப் ஸ்டூவர்ட், கனடிய இராணுவ ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் இதை ஆவணங்களோடு ஒப்பிட்டு மறுபரிசீலனை செய்தார். தாக்குதல் வரப்போகிறது என்ற உளவுத் தகவல் மார்ச் இறுதியிலேயே பிரிட்டிஷாருக்குக் கிடைத்திருந்தது. அதை நம்பி அட்மிரல் சாமர்வில் தம் கப்பல்படையுடன் சில நாட்கள் கடலில் காத்திருந்து, எதிரி வராததால் ஏப்ரல் 2 அன்று மாலத்தீவின் அட்டு பவளத்தீவை நோக்கித் திரும்பினார். பர்ச்சாலின் செய்தி வந்த பிறகும், மறுநாள் காலை ரேடார் எச்சரிக்கை கிடைக்காமல், இரத்மலானை ஹரிக்கேன்கள் குண்டுகள் விழத் தொடங்கிய நேரத்தில்தான் எழும்பின. செய்தியின் மதிப்பு மறைந்துவிடவில்லை. ஆனால் ஒரு தனிமனிதன் ஒரு தீவைக் காத்தான் என்ற கதையின் எடை குறைகிறது. இலங்கைக்கு வந்த ஆபத்தைப் போரின் மிக அபாயகரமான தருணம் என்று சர்ச்சில் சொன்னதாக வழங்கும் கூற்றும், விருந்து ஒன்றில் கேட்டவரின் நினைவிலிருந்து பின்னாளில் வந்ததே. அதுவும் ஒருவகைக் கோரல்தான். சாட்சி ஒருவர், ஆவணம் இல்லை.

பர்ச்சாலைப் பற்றிப் பேசும் பலர் மற்ற இரண்டு கேட்டலீனாக்களைக் குறிப்பிடுவதில்லை. அவருக்குப்பின் கப்பல்படையைத் தொடரச் சென்ற 205-ஆம் படையணி விமானம் திரும்பவில்லை. ஏப்ரல் 9 அன்று திருகோணமலைத் தாக்குதலுக்கு முன் அதே கப்பல்படையைக் கண்டு செய்தி அனுப்பிய 413-ஆம் படையணியின் இன்னொரு விமானமும் திரும்பவில்லை. இரண்டிலும் பிழைத்தவர் எவருமில்லை. பர்ச்சால் செய்த அதே வேலையை அவர்களும் செய்தார்கள். திரும்பிவந்து சொல்ல ஆளில்லாததால் அவர்களுக்குப் பட்டமும் இல்லை. அவர்களின் கடைசி நிமிடங்களை அறிய, அவர்களைச் சுட்டவர்களின் ஏடுகளைத்தான் புரட்டவேண்டும். எதிரியின் கோரல் இங்கு தற்பெருமையாக இல்லாமல் மரணச் சான்றிதழாகிறது. கோரல்களெல்லாம் பொய் என்று தள்ளிவிடுவதும் ஆய்வாகாது என்பதற்கு இந்த இரண்டு விமானங்கள் போதும்.

முதல் ஜெட் வெற்றி எனப்படுவது

வேவு விமானத்தைக் குறித்த கோரல் எதிர்த்திசையிலும் தவறும். உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஜெர்மனியில் நடந்தது. 1944 ஜூலை 26 அன்று, மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானத்தைச் சோதித்துவந்த பிரிவின் விமானி ஆல்ஃபிரட் ஷ்ரைபர், மியூனிக் அருகே பிரிட்டிஷ் வேவு விமானம் ஒன்றை வீழ்த்தியதாகக் கோரினார். வரலாற்றின் முதல் ஜெட் வான்போர் வெற்றி என்று பல பட்டியல்களில் இன்றும் இது நிற்கிறது.

அந்த விமானம் 544-ஆம் படையணியின் மஸ்கிட்டோ. எண் எம்எம்273. விமானி வால், வழிகாட்டி லோபன். ஜெட் பலமுறை பின்னாலிருந்து பாய்ந்தது. வால் கூர்மையாகத் திரும்பித் திரும்பித் தப்பி, இறுதியில் மேகத்துக்குள் புகுந்தார். இதற்கிடையில் பெரும் சத்தத்துடன் கீழ்ப்புற வெளிக்கதவு பிய்ந்துபோனது. இங்கிலாந்துக்குத் திரும்ப முயலாமல், அவர்கள் தெற்கே ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியின் ஃபெர்மோ ஓடுதளத்தில் இறங்கினார்கள். இருவரும் உயிரோடு இருந்தார்கள்.

ஷ்ரைபர் பொய் சொன்னதாகக் கொள்ளத் தேவையில்லை. அவர் கண்ட விமானம் சேதப்பட்டதுபோல் மேகத்தில் மறைந்தது. அவர் தரப்பிலிருந்து பார்த்தால் அது திரும்பவே இல்லை. பிரிட்டிஷ் பதிவில் ஃபெர்மோ என்ற பெயரைக் காணாதவரை கோரல் அசைக்கமுடியாததாகவே இருக்கும். ஜெட்டின் வேகமும் இந்தப் பிழைக்கு ஒரு காரணம். மெஸ்ஸர்ஷ்மிட் 262 மணிக்கு ஏறத்தாழ 870 கி.மீ. வேகம் கொண்டது. மஸ்கிட்டோவைவிட மணிக்கு 200 கி.மீ. அதிகம் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 55 மீட்டர் நெருங்குகிறது. 600 மீட்டரில் குறிபார்க்கத் தொடங்கி 200 மீட்டருக்குள் விலகவேண்டிய விமானிக்குக் கிடைப்பது ஏழு விநாடி. அதன் 30 மி.மீ. பீரங்கிகள் கிட்டத்தில்தான் பயன்படும். சுட்டதும் விலகிப் பறந்துவிட்டால், திரும்பி வருவதற்குள் இலக்கு எங்கோ போயிருக்கும். வேகம் கூடக்கூட, தாக்கியவர் தன் வேலையின் விளைவைக் காணும் வாய்ப்பு குறைகிறது.

குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகச் சென்ற அமெரிக்க மஸ்டாங்குகள் மீதான ஜெட் கோரல்களில் சிக்கல் வேறு. அங்கே இழப்புகள் நிறைய, காரணங்களும் நிறைய. எந்திரக் கோளாறு, தரைப் பீரங்கி, எரிபொருள் தீர்ந்தது, தம்மவருடனே மோதல். ஒரே நாளில் ஐந்து மஸ்டாங்குகள் காணாமற்போனால், ஒரு ஜெட் கோரலுக்கு ஐந்து பொருத்தங்கள் கிடைக்கும். இங்கே ஆய்வாளரின் சோதனை அவசரப் பொருத்தம். கோரல் ஒன்று, இழப்பு ஒன்று, நாள் ஒன்று என்பதால் இரண்டையும் முடிச்சுப்போடுவது நூல்களில் மலிந்த குறை. காணாமற்போன விமானிகளுக்காக அமெரிக்கப் படை தயாரித்த அறிக்கைகளில் விமானத்தின் எண், எந்திர எண், கடைசியாகக் கண்ட இடம், உடன்பறந்தோர் சாட்சியம் ஆகியவை உண்டு. இடமும் நேரமும் உயரமும் இசையாதவரை நாள் மட்டும் இசைவது எதையும் நிறுவாது. ஜெர்மன் பக்கத்தில், போரின் கடைசி மாதங்களில் கோரல்களை உறுதிப்படுத்தும் அலுவலக முறையே சிதைந்துபோனது. அக்காலக் கோரல்களை முந்தையவற்றோடு ஒரே பட்டியலில் அடுக்குவது சரியல்ல.

ஏடுகளைப் படிக்கும் முறை

இலங்கைத் தாக்குதல்களுக்கு இருதரப்பு ஏடுகளும் எஞ்சியிருப்பது ஆய்வாளருக்குக் கிடைத்த பேறு. பிரிட்டிஷ் படையணிகளின் நாட்பதிவேடுகள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஜப்பானிய விமானந்தாங்கிகளின் போர்ப்பறப்பு அறிக்கைகள் ஆசிய வரலாற்று ஆவணங்களுக்கான ஜப்பானிய மையத்தின் வழியாக இணையத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு பறப்புப் பிரிவிலும் யார் யார் சென்றார்கள், யார் திரும்பவில்லை என்பது அவற்றில் பெயரோடு இருக்கும். கிறிஸ்டோபர் ஷோர்ஸ், பிரையன் கல், யசுஹோ இசாவா ஆகிய மூவரும் ஆங்கிலத்தில் எழுதிய தென்கிழக்காசிய வான்போர் வரலாறு இருபக்க ஏடுகளையும் எதிரெதிரே வைத்துப் படித்ததால்தான் பழைய எண்கள் சரிந்தன.

ஆனால் ஏடுகளும் தாமாகப் பேசாது. ஜப்பானியக் கடற்படை எங்கு சென்றாலும் டோக்கியோ நேரத்தையே எழுதியது. இலங்கை நேரத்துக்கும் அதற்கும் சுமார் 3 மணி வித்தியாசம். இதைக் கவனிக்காதவர் காலை எட்டு மணித் தாக்குதலை பதினொரு மணியில் தேடுவார், அல்லது ஒரு தாக்குதலை இரண்டாக்கிவிடுவார்.

சொற்களிலும் பொறி உண்டு. விழுந்து நொறுங்கியதைத் தம்மவர் கண்ட விமானத்தை ஜப்பானிய ஏடுகள் ‘ஜிபாகு’ என்று குறிக்கும். நேர்ப்பொருள் தன்னைத் தானே வெடித்துக்கொள்ளல். பீரங்கிக் குண்டுபட்டுக் கட்டுப்பாடிழந்து விழுந்தவருக்கும் இதே சொல்தான். அது வீரமரணத்துக்குரிய மரியாதை வழக்கு. விமானியின் நோக்கத்தைப் பற்றிய சாட்சியம் அல்ல. திருகோணமலையில் ஜப்பானிய விமானி ஒருவர் எண்ணெய்த் தொட்டியின் மீது வேண்டுமென்றே மோதித் தற்கொலைத் தாக்குதல் நடத்தினார் என்ற உள்ளூர்க் கதையை மதிப்பிடும்போது இதை நினைவில் கொள்ளவேண்டும். அமைப்புமுறையான காமிகாசே தாக்குதல்கள் 1944 அக்டோபரில்தான் தொடங்கின. 1942-இல் விழுந்துகொண்டிருந்த விமானத்தின் விமானி கடைசி நொடியில் இலக்கைத் தேர்ந்திருக்கலாம். தேர்ந்தெடுக்க முடியாத நிலையிலும் இருந்திருக்கலாம். இந்தக் கேள்வியை மூடிவிட்டு எழுதப்படும் கதை உணர்ச்சியாக இருக்கும், வரலாறாக இராது.

இழப்புப் பதிவையும் கண்ணை மூடி ஏற்கக்கூடாது. குண்டுதுளைகளோடு திரும்பி, பிறகு கழித்துக்கட்டப்பட்ட விமானம் பல ஏடுகளில் சேதம் என்ற பத்தியிலேயே இருந்துவிடும். இழப்புக் கணக்கும் இப்படிக் குறைவாகத் தெரியும். ஆகவே இருபதுக்கும் ஏழுக்கும் இடையிலுள்ள முழு வித்தியாசமும் மிகை என்று சொல்வதற்குமுன், திரும்பிவந்தும் பயன்படாமற்போனவை எத்தனை என்று கேட்கவேண்டும். பிரிட்டிஷ் எண் அதனாலும் காப்பாற்றப்படாது. ஆனால் கேட்காமல் எழுதுவது மறுபக்கத்துப் பிழை.

தமிழ் எழுத்தில் எஞ்சும் குறை

தமிழில் இத்தாக்குதல்கள் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் மூன்று செய்திகளில் நிற்கின்றன: பர்ச்சாலின் வீரம், ஹெர்மிஸ் கப்பல் மூழ்கியது, எத்தனை விமானங்கள் வீழ்ந்தன என்ற ஓர் எண். எண் எந்தத் தரப்பினுடையது, கோரலா இழப்பா என்பது சொல்லப்படுவதில்லை. ஏப்ரல் 9 அன்று 11-ஆம் படையணியின் ஒன்பது பிளென்ஹைம்கள் நகுமோவின் கப்பல்களைத் தேடிப்போய், குண்டுகள் விழும்வரை தடுக்கப்படாமல் நெருங்கியதும், அவற்றில் ஐந்து திரும்பாததும் ஒரு வரிகூடப் பெறுவதில்லை. அவை எதையும் மூழ்கடிக்கவில்லை. ஆதலால் பட்டியலில் இடமில்லை.

ஜெட் காலத்திலும் இப்பழக்கம் மாறவில்லை. 1965 செப்டம்பர் 7 அன்று சர்கோதா அருகே ஒரே பறப்பில் ஐந்து இந்திய ஹண்டர்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தானின் எம். எம். ஆலம் கோரினார். அந்தத் தாக்குதலில் அத்தனை ஹண்டர்களின் இழப்பு இந்தியப் பதிவுகளில் இல்லை. இதைச் சுட்டிக்காட்டும் இந்திய வாசகர், அதே நாளில் கலைக்குண்டாவின் மேல் இந்திய விமானிகள் கோரிய சேபர்களின் எண்ணிக்கை பாகிஸ்தான் ஒப்புக்கொண்ட இழப்பைவிட அதிகம் என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும் எழுதிய 1965 வான்போர் நூல் அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முயன்றது. தன் நாட்டுக் கோரலை எதிர்நாட்டு இழப்பேட்டோடு ஒப்பிடும் துணிவு இருந்தால்தான் எதிர்நாட்டுக் கோரலைக் கேள்வி கேட்கும் தகுதி வரும்.

இராமநாதபுரம் கரையில் போர்க்கால விமானங்களைப் பற்றிய நினைவுகளைத் தொகுக்க நினைக்கும் மாணவருக்கும் இவையே அளவுகோல்கள். பெரியவர் ஒருவர் கடலில் விமானம் விழக் கண்டதாகச் சொன்னால், அது எந்த மாதம், எந்தத் திசை, பகலா இரவா, மிதவை உள்ள கடல்விமானமா, சக்கரம் வைத்ததா என்று கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். பிறகு அந்த நாளுக்குரிய ஏட்டை இரு தரப்பிலும் தேடவேண்டும். கேட்டலீனாவில் ஒன்பது பேர் போவார்கள், ஹரிக்கேனில் ஒருவர். விழுந்தது எது என்று தெரிந்தால், யாருடைய பெயரைத் தேடுவது என்பதும் தெரியும்.